நவம்பர் பதினொன்றாம் தேதிச் சம்மதம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

வாண்டு எழுதுகிறேன். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே அம்மாவின் முழங்கால் ஒரு நாள் பேசுகிறது, ஒரு நாள் சும்மா இருக்கிறது. மகளுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கிறது. அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். "குழந்தை நல்லாத்தான் தூங்குது. நீ தொட்டுத் தொட்டுத்தான் எழுப்பி விடற" என்கிறார் உன் மாப்பிள்ளை.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்பதால் காகிதத்தில் கேட்கிறேன். நேற்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்தார். பள்ளியின் இணைய முகவரியைப் புதுப்பிக்க இனிமேல் எனக்கு எழுத வேண்டாம், இந்தக் கம்பெனிக்கு எழுதுங்கள் என்று அவருக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. நான் பார்த்தே இராத படிவம், கேட்டே இராத கம்பெனி.

"ஏம்மா, வாலை வித்துட்டீங்களா?" என்றார்.

"டீச்சர், அது விக்கிற சாமான் இல்ல" என்று சிரித்து அனுப்பினேன். நம் நாட்டு முகவரிகளின் கடைசியில் வருகிற அந்த இரண்டெழுத்தை நம் வீட்டில் 'வால்' என்று சொல்லிச் சொல்லி இப்போது ஊரே அப்படித்தான் சொல்கிறது. யார் அந்தக் கம்பெனி? அவர்களிடம் நம் பதிவேடு எப்படிப் போயிற்று? இரண்டே கேள்வி.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் வாண்டு

*

மார்ச் 2

பிரியமுள்ள வாண்டுக்கு,

அண்ணனின் ஆசிகள். உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே எல்லாரும் நலம். குளிர் மட்டும் இந்த வருடம் போவதாக இல்லை. சின்னவன் நீச்சல் கற்றுக்கொள்கிறான், தண்ணீரைத் தவிர வேறு எதற்கும் பயப்படாத பிள்ளை. மருமகளுக்குக் கம்பளித் தொப்பி ஒன்று அனுப்பியிருக்கிறேன். காது மூடும்படி போட்டுவிடு. சளிக்கு ஆவி பிடிக்கும் கருவி இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன்.

படிவம் பற்றிக் கவலைப்படாதே. நிர்வாகத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ இதையெல்லாம் தலையில் போட்டுக்கொள்ளாதே. அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தேய்த்து நடக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 11

அண்ணா,

எல்லாரும் நலம் என்பது சந்தோஷம். தொப்பி வந்தது, காது மூடுகிறது, நன்றி. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம ஒரு பக்கம் எழுதறதுல அப்படியே உங்கப்பன்" என்றாள்.

உறையைப் பார்த்தேன். பதினோரு வருடமாக உன் கடிதம் பல்கலைக்கழக முத்திரையோடு வரும். இது அந்தக் கம்பெனி முத்திரையோடு வந்திருக்கிறது. அவர்கள் உறையில் வைத்து, அவர்கள் தபால்தலை ஒட்டி, 'சின்னச் சின்ன மாற்றங்கள்' என்று எனக்கு எழுதுகிறாய்.

நினைவிருக்கிறதா? நீ அங்கே படிக்கப் போன புதிதில் இந்த நாட்டில் வாலைப் பற்றிக் கவலைப்பட ஒருத்தரும் இல்லை. உலகத்து வால்களையெல்லாம் பிரித்துக் கொடுக்கிற பதிவு மையத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதி வாங்கிவிட்டாய். நாட்டுக்குள் வசிக்கும் ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்றார்கள். "உன் பேரைப் போட்டுட்டேன், சும்மா ஒரு பேருக்கு" என்றாய். அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது. அந்தச் சும்மாதான் இன்று நாலாயிரம் முகவரி. ஒவ்வொன்றும், கேட்டவர் நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து, என் மேஜைக்கு முன்னால் நிற்க, யார் என்ன என்று நான் விசாரித்துக் கொடுத்த பெயர். ஆஸ்பத்திரி, பள்ளி, மீன்பிடிச் சங்கம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் நடக்கிற அந்தப் பத்திரிகை. நீ இயந்திரத்தைப் பார்த்தாய், நான் மனிதர்களைப் பார்த்தேன்.

கேள்விகள் அதே இரண்டுதான்.

வாண்டு

*

ஏப்ரல் 6

அன்பு வாண்டு,

நலமா? மருமகள் கவிழ்ந்து படுக்கிறாளா? பெரியவள் ஐந்தாம் மாதத்தில் கவிழ்ந்தாள், நினைவிருக்கிறது.

நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் நம் சர்வர் இருந்த அறையை மூடிவிட்டார்கள். வாலை எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டுமே! இந்தக் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். தொழில்நுட்பப் பொறுப்பு மட்டும்தான் அவர்களுடையது. நம் இரண்டெழுத்துக்கு இங்கே கடைக்காரர்களிடம் நல்ல மதிப்பு, முகவரியின் கடைசியில் வந்தால் அழகாக இருக்கிறதாம். அதில் நமக்கு என்ன நஷ்டம்? உன்னைக் கௌரவ ஆலோசகர் என்று போடச் சொல்லியிருக்கிறேன். வேலை ஒன்றும் இருக்காது. பெயர் இருக்கும்.

ஆவி பிடிக்கும் கருவி அடுத்த வாரம் அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்

*

ஏப்ரல் 15

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்த அதே நாளில் தகவல் துறையின் துணைச் செயலர் வீட்டுக்கு வந்தார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். நாற்காலியில் காய்ந்த துணிகளை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்கதானம்மா வாலுக்குப் பொறுப்பாளர்?"

"ஆமா சார்."

"அப்ப இது உங்க கையெழுத்துதானே?"

நகல் ஒன்றை நீட்டினார். என் கையெழுத்து. கீழே கல்லூரி முத்திரை. அதற்கு மேலே நான் வாழ்நாளில் எழுதாத வாக்கியங்கள். 'இந்நாட்டு இணையப் பயனர்களை விரிவாகக் கலந்து பேசிய பின், இவ்விரண்டெழுத்தின் முழு நிர்வாகத்தையும் மேற்படி நிறுவனத்துக்கு மாற்ற மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.' தேதி, நவம்பர் பதினொன்று.

அண்ணா, அது என் மகள் பிறந்த தேதி.

காலை ஆறு மணிக்கு வலி எடுத்து, குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி, பகல் இரண்டேகாலுக்கு என் வயிற்றைக் கிழித்தார்கள். விரிவாகக் கலந்து பேசினேனாம். யாரோடு பேசினேன்? மயக்க மருந்து கொடுத்தவரோடா?

எங்கே இருந்து வந்த தாள் என்று எனக்குத் தெரியும். நாம்தான் செய்தோம். எந்தச் சின்ன மாற்றத்துக்கும் இருவர் கையெழுத்தும் காகிதத்தில் வேண்டும் என்று மையம் கேட்டது, தபால் போய்வர மூன்று வாரம் ஆனது. ஆகவே ஒவ்வொரு ஜனவரியும் இருபது வெற்றுத்தாளில் நான் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கட்டாக உனக்கு அனுப்பினேன். நமக்குள் ஒரே ஒரு விதி. நிரப்பியதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மையத்துக்கு அனுப்ப வேண்டும். நீ படிப்பாய், நான் நோட்டில் குறிப்பேன். பதினோரு வருடத்தில் ஒரு தாள்கூட அந்த விதியைத் தாண்டியதில்லை. என் சொந்த அண்ணன் என்பதால்தான் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டேன். ஊரில் யாராவது அப்படிச் செய்தால் நானே 'மூளை இருக்கா உனக்கு?' என்று கேட்டிருப்பேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாயே! நர்ஸ் என் காதில் வைத்துப் பிடித்தார். நீ வாழ்த்தத்தான் கூப்பிட்டாய் என்று நினைத்து அழுதேன்.

துணைச் செயலர் இன்னும் பேசினார். "ஒன்னும் பயப்படாதீங்க. இது மோசடின்னு ரெண்டு வரி எங்க துறை பேருக்கு எழுதிக் குடுங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"மிச்சம்னா என்ன சார்?"

"வால் எங்க கைக்கு வந்துடும். யாருக்குப் பேரு, யாருக்கு இல்லன்னு நாங்க முடிவு பண்ணிக்குவோம். அந்தத் துறைமுகப் பத்திரிகைக்கெல்லாம் தேவையில்லாம குடுத்து வெச்சிருக்கீங்க."

"குழந்தைக்குப் பால் குடுக்கணும், அப்புறம் வாங்க" என்று எழுந்துவிட்டேன். எழுதிக் கொடுக்கவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

எப்போது தட்டச்சு செய்தாய்? போன் செய்வதற்கு முன்பா, பின்பா?

தங்கை

*

மே 20

அண்ணா,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. "உங்கண்ணன் பதில் போடறதுக்குள்ள நம்ம பொண்ணு காலேஜ் சேர்ந்துடுவா" என்று உன் மாப்பிள்ளை கேலி செய்தார். போன வாரத்திலிருந்து அவரும் கேலி செய்வதில்லை.

போன வாரம் குழந்தைக்கு மூச்சு ரொம்ப இழுத்தது. ரத்தம் எடுத்துப் பெரிய பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு ஆஸ்பத்திரி மின்னஞ்சலுக்கு வர வேண்டும். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கணினி அறைப் பையன்கள் கம்பியைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. பதிவேட்டில் ஆஸ்பத்திரியின் பெயரே இல்லை. கம்பெனிப் படிவத்துக்குப் பதினைந்து நாளில் பதில் வராததால் நீக்கிவிட்டார்களாம். படிவம் போனது இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் பெயருக்கு. நான் இருந்திருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பேன்.

"ரிப்போர்ட் பாக்காம மருந்தை மாத்த முடியாதும்மா" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் உன் மாப்பிள்ளை பஸ் பிடித்துப் போய்க் கையில் வாங்கி வந்தார். மருந்து மாற்றினார்கள். இப்போது தேவலை. அந்த மூன்று நாள் நான் உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுதினால் தபால்காரர் உறையைத் தொட மாட்டார்.

நீ அனுப்பிய கருவி வந்துவிட்டது. திறக்கவில்லை.

இன்னொன்று. பதிவு மையத்திலிருந்து எனக்கு நேரடியாகக் கடிதம் வந்திருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியையும் பத்திரிகை ஆசிரியரும் புகார் செய்திருக்கிறார்கள். நவம்பர் சம்மதம் என்னுடையதுதானா என்று கேட்கிறார்கள். ஜூன் பதினேழுக்குள் பதில் வராவிட்டால் ஆம் என்று எடுத்துக்கொண்டு மாற்றத்தை நிரந்தரமாக்குவார்களாம். நீயே மையத்துக்கு எழுதிச் சரிசெய்ய இன்னும் நாள் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு அந்தச் சம்மதத் தாளைப் பற்றி இதுவரை எதுவும் தெரியாது. இப்போதெல்லாம் உன் கடிதங்களில் நலம் விசாரிக்கும் பகுதியை மட்டும் படித்துக் காட்டுகிறேன். அதுதான் அதிகமாகவும் இருக்கிறது.

தங்கை

*

மே 31

பிரியமுள்ள வாண்டுக்கு,

குழந்தைக்குத் தேவலை என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. கருவியைத் திறந்து பயன்படுத்து. என் மேல் உள்ள கோபத்தை அதன் மேல் காட்டாதே. ஆஸ்பத்திரி விஷயத்தில் கம்பெனியிடம் கடுமையாகப் பேசினேன், இனி அப்படி நடக்காது.

மையம் அனுப்புகிற கடிதங்கள் எல்லாம் சம்பிரதாயம். எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நீ குழந்தையோடு இரு, ஓய்வெடு. ஜூன் முடியட்டும், எல்லாம் அடங்கிவிடும். வருட முடிவில் அம்மாவை இங்கே அழைத்து முழங்காலைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 2

அன்பு வாண்டு,

அண்ணி எழுதறேன். குழந்தை எப்படி இருக்கா? உன் கடிதத்தை உங்க அண்ணன் மேஜையில நான்தான் பார்த்தேன். அவர் காட்டலை.

நீ சம்மதிச்சுட்டேன்னுதான் என்கிட்ட சொன்னார். நான் நம்பினேன், சத்தியமா. போன செப்டம்பர்லயே பல்கலைக்கழகத்துல அவரை எடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் காலையில பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பி நூலகத்துல உக்காந்துட்டு வருவார். எனக்கே நவம்பர்லதான் தெரியும். வேலை இல்லன்னா இந்த நாட்டுல எங்க நாலு பேருக்கும் இருக்க அனுமதி இல்ல. கம்பெனி வேலை குடுத்தது வாலோடதான். வால் போனா வேலையும் போகும்.

இதைச் சொல்லி உன்னைக் கட்டிப் போடணும்னு எழுதலை. ஆனா சொல்லாம இருந்தா நானும் அவரைப் போலத்தான். பெரியவளுக்குப் பரீட்சை நடக்குது. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லு.

அண்ணி

*

ஜூன் 11

அண்ணா,

அண்ணியின் கடிதமும் உன்னுடையதும் ஒரே நாளில் வந்தன. அண்ணிக்குத் தனியாக எழுதுகிறேன். அவர்கள் ஒரே பக்கத்தில் சொன்னதை நீ ஒன்பது மாதமாகச் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு போன் செய்து, "வாண்டு, வேலை போச்சு" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? திட்டியிருப்பேனா? உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். எட்டு மாத வயிற்றோடு நான்கு பேரைப் பார்த்து உனக்கு இங்கே வேலை கேட்டிருப்பேன். நீ என்னிடம் கேட்கவே இல்லை. எடுத்துக்கொண்டாய். இப்போதும் கேட்கவில்லை. 'பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை' என்று சுற்றிவளைத்து என் வாயை மூடப் பார்க்கிறாய், அதையும் அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

நேற்று மையத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன். நான் எழுதியதை நீ ஊகித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். கையெழுத்து என்னுடையது, வார்த்தைகள் என்னுடையவை அல்ல. வருடாவருடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், அது என் தவறு. இந்தத் தாள் எனக்குப் படித்துக் காட்டப்படவில்லை. வாலைக் கம்பெனிக்கும் தர வேண்டாம், துறைக்கும் தர வேண்டாம். பள்ளி, ஆஸ்பத்திரி, பத்திரிகை, கல்லூரி ஆகியவற்றிலிருந்து ஆளுக்கொருவர் சேர்ந்த குழு ஒன்று தயாராக இருக்கிறது, அதனிடம் ஒப்படைக்கும்வரை எதையும் மாற்றாமல் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

துணைச் செயலருக்கு இதில் திருப்தி இல்லை. "உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகத்தான் சொன்னார். கல்லூரி முத்திரையை வெற்றுத்தாளில் குத்தியதற்கு முதல்வர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். விடுப்பு முடிந்து போனால் எனக்கு மேஜை இருக்குமா என்று தெரியாது.

உன் வேலையை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் அனுப்பினேன்.

தங்கை

*

ஜூலை 8

வாண்டு,

மையம் என்னிடம் விளக்கம் கேட்டது. நவம்பர் பதினொன்று மாலை போனில் உனக்குப் படித்துக் காட்டினேன், நீ சரி என்றாய், இப்போது அரசாங்கத்தின் நெருக்கடியால் மாற்றிப் பேசுகிறாய் என்று எழுதியிருக்கிறேன். தொலைபேசிக் கட்டண ரசீதையும் இணைத்திருக்கிறேன், அந்த நான்கு நிமிடம் அதில் இருக்கிறது. எனக்கு வேறு வழி இல்லை, புரிந்துகொள்.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. போன் செய்வதற்கு முன்பே தட்டச்சு செய்துவிட்டேன். தாள் கையில் இருந்தது. படிக்கத்தான் கூப்பிட்டேன். நீ குழறிக் குழறி, "அண்ணா, பொண்ணு... பொண்ணுண்ணா" என்றாய். நான் "வாண்டு, ஒரு தாள்..." என்று ஆரம்பித்தேன். நீ "சரிண்ணா, சரிண்ணா" என்றாய். பின்னால் குழந்தை அழுதது. அதற்குமேல் நான் படிக்கவில்லை. அடுத்த நாள் காலை அனுப்பிவிட்டேன். நீ எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே நினைத்தேன்.

இது நமக்குள் இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்

*

ஜூலை 17

அண்ணா,

கிழிக்கவில்லை.

மையம் என்னிடம் ஆதாரம் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. நான் சரி என்று சொன்னதாக நீ எழுதியதையும், அந்த ரசீதையும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். அரசாங்கத்துக்கு அஞ்சி அண்ணனைக் காட்டிக்கொடுக்கிற தங்கை என்று உலகத்துக்கு எழுதிவிட்டு, எனக்கு மட்டும் உண்மையை எழுதுகிறாய். அது எனக்குச் செய்கிற மரியாதை என்று வேறு நினைக்கிறாய். 'என் பொய் ஊருக்கு, என் உண்மை உனக்கு, நீ கிழித்துப்போடு' என்கிறாய். ஒவ்வொரு முறையும் காகிதத்தை என்னிடம் கொடுத்து நான் என்ன செய்ய வேண்டும் என்றும் நீயே முடிவு செய்வதற்கு நான் என்ன உன் மேஜை இழுப்பறையா?

வயிறு தைத்த மயக்கத்தில் ஒரு பெண் சொன்ன 'சரிண்ணா'வை நீ நாலாயிரம் பேரின் சம்மதமாக எழுதிக்கொண்டாய். அதை மன்னிக்க வேண்டுமா என்று பிறகு யோசிக்கிறேன். இப்போது நேரமில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை எதையும் விடவில்லை. முழுவதும் படித்தேன், பிறகு நவம்பரிலிருந்து நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். நூலகத்தில் நீ போய் உட்கார்ந்ததைச் சொன்னபோது மட்டும் தட்டுவதை நிறுத்தினாள்.

"அவனை இங்க வரச் சொல்லி எழுது. பொண்டாட்டி பிள்ளைங்களோட வரச் சொல்லு. ரெண்டு ரூம் போதும், நெருக்கிக்கலாம்."

"சரிம்மா. அண்ணன் எழுதின இந்தக் கடிதத்தை என்ன பண்ணட்டும்?"

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தபாலாபீசை அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. மையத்துக்குப் பதிவுத் தபால்ல போடு. குழந்தையை நான் பாத்துக்கறேன், கிளம்பு."

உன் தங்கை